ஏறி இறங்கும் எஞ்சினும் உருண்டோடும் குண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை இந்தப் பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார், பிள்ளைகள் ரோபோ ரோபோ என்று வெளிநாட்டுப் பெட்டிகளுக்குக் காசைக் கொட்டுகிறார்கள், படத்தைப் பார்த்து ஆணி முறுக்குவதற்கு என்ன படிப்பு வேண்டும், அந்த நேரத்துக்கு நாலு கடந்தகால வினாத்தாள் செய்திருக்கலாம் என்று. அவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் வெட்டுங்கள், ஆனால் எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கிற கவர்னர் பற்றி எழுதியிருக்கிற இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் கிளிநொச்சியில் வோட்டர் பம்ப், லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெசின்) திருத்துகிற ஒரு சின்னக் கராச் வைத்திருக்கிறேன். முப்பது வருசத்துக்கு மேலாக இதே வேலை, இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைக் கழித்தால் கணக்குக் கொஞ்சம் குறையும். என் தங்கச்சியின் மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறாள். அவளுக்கு சுவிசில் இருக்கிற சித்தப்பா ஒரு பார்சல் அனுப்பினார். சொக்கிளேட்டுக்கு அடியில் ஒரு மட்டைப் பெட்டி, அதற்குள் மூன்று குட்டி மோட்டர், வெட்டின அக்ரிலிக் துண்டுகள், ஒரு சேர்க்கிட் போட், நாலு வயர் தொங்குகிற தொடுதிரை ஒன்று, பொலித்தீன் பையில் ஆணிகள், ஒரு இரும்புக் குண்டு. மேசையில் வைக்கிற சாமான்தான். மூன்று கால்களின் மேல் ஒரு தட்டு இருக்கும், தட்டில் குண்டை விட்டால் அது ஓரத்துக்கு ஓடப் பார்க்கும், கால்கள் உயர்ந்தும் பதிந்தும் தட்டைச் சரித்துக் குண்டைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. இதனால் என்ன பிரயோசனம் என்று தங்கச்சி கேட்டாள், நானும் மனதுக்குள் அதையேதான் கேட்டேன்.

பொருத்துவது ஒரு பின்னேர வேலை. கடிதம் எழுதிய ஐயா சொன்னது இந்த இடத்தில் சரி, படம் இருக்கிறது, பார்த்துப் பார்த்துப் பூட்டலாம். ஆனால் அந்த ஒரு பின்னேரத்திலேயே நான் இரண்டு பிழை விட்டேன். முதலாவது, அக்ரிலிக் துண்டை லாண்ட்மாஸ்டர் போல்ட் முறுக்குகிற கையால் முறுக்கினேன், டக் என்று வெடித்தது. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, அலன் கீயை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது பிழை கொஞ்சம் வெட்கம். இந்த மோட்டரைச் சேர்வோ என்கிறார்கள். அதற்குள்ளே சின்ன மோட்டர், பல்லுச் சக்கரங்கள், பழைய ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகி மாதிரி ஒன்று. எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்பதை அந்தத் திருகியைப் பார்த்துத்தான் அது தெரிந்துகொள்ளும். அதன் தண்டில் ஒரு கையைப் பூட்டவேண்டும், தண்டைச் சுற்றி 25 பல்லு. முதலில் கரண்ட் கொடுத்து மோட்டரை நடுக் கோணத்தில் நிறுத்திவிட்டு, பிறகுதான் கையைப் பூட்டவேண்டுமாம். நான் பூட்டிவிட்டுக் கரண்ட் கொடுத்தேன். ஒரு கால் மேலே போய் முட்டிக் கிறீச்சிட்டது, மற்றது கீழே போய்ப் படுத்தது. எஞ்சினுக்கு ரைமிங் மார்க் பார்க்காமல் சக்கரம் பூட்டுகிறவனை என் கராச்சில் வைத்திருக்கமாட்டேன், அதே வேலையை நானே செய்தேன். ஒரு பல்லுத் தள்ளினால் எவ்வளவு பிழைக்கும் என்று அவள் கணக்குப் பார்த்தாள், 360 ஐ 25 ஆல் பிரித்தால் 14.4 பாகை. ஆகக் கிட்டின பல்லில் பூட்டினாலும் 7 பாகை வரை மிச்சம் நிற்கும், அந்த மிச்சத்தைப் புறோகிராமில் எழுதிச் சரிக்கட்டவேண்டும். ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி எண். இது படத்தில் இல்லை.

சரி, பூட்டியாகிவிட்டது, குண்டு நிற்குமா? எங்கே.

முதலில் லப்டொப்பின் யூ.எஸ்.பி. வயரில் ஓட்டினோம். மூன்று மோட்டரும் ஒன்றாக இழுக்கும்போது போட் அணைந்து அணைந்து எரிந்தது. இதை நான் ஒரே பார்வையில் சொன்னேன், பற்றரி இறங்கின வாகனத்தில் ஸ்டார்ட்டரை அடித்தால் லைட் மங்குவதில்லையா, அதேதான். சாதாரண யூ.எஸ்.பி. துளை அரை அம்பியர் தருவதற்கென்று செய்தது, சேர்வோ ஒன்றே இறுகினால் அதற்கு மேலே இழுக்கும். மோட்டர்சைக்கிள் பற்றரி ஒன்றை எடுத்து, 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்கிற சின்னப் போட் ஒன்றையும் போட்டுக் கொடுத்தேன். அப்போதும் மோட்டர்கள் பேய் பிடித்தது போல உதறின. அரை நாள் போன பிறகுதான் தெரிந்தது, பற்றரியின் ஏர்த்தையும் போட்டின் ஏர்த்தையும் நான் இணைக்கவில்லை. ஏர்த் ஒன்றாக இல்லாவிட்டால் போட் அனுப்புகிற சமிக்ஞையை மோட்டர் எதை வைத்து அளக்கும்? இதெல்லாம் தெரிந்த விசயம்தான், தெரிந்த விசயத்தில்தான் ஆள் கவனமில்லாமல் இருப்பான்.

இடையில் சின்னவன், மருமகளின் தம்பி, குண்டைப் போளை விளையாட எடுத்துக்கொண்டு போய் முற்றத்து மண்ணில் துலைத்துவிட்டான். அவள் ஒரு மேசைப்பந்தை வைத்துப் பார்த்தாள். தட்டு அசையவே இல்லை. பந்து உருண்டு விழுகிறது, தட்டு சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறது. பழுது என்று நினைத்துத் திரும்பவும் கழற்றப் போனோம். பழுது ஒன்றுமில்லை. அந்தத் தொடுதிரை கைபேசித் திரை மாதிரியான வகை இல்லை, இரண்டு மெல்லிய படலங்களுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி, மேலிருந்து அழுத்தினால் மேல் படலம் கீழ்ப் படலத்தில் தொடும், தொட்ட இடத்து வோல்ட்டேஜை அளந்து இடம் கண்டுபிடிக்கும். முதலில் இடவலம், பிறகு மேல்கீழ், மாறி மாறி. மேசைப்பந்தின் நிறை 2.7 கிராம், அது படலத்தை அமத்தாது. நான் பழைய பெயரிங் ஒன்றை உடைத்து ஒரு பெரிய குண்டை எடுத்துக் கொடுத்தேன், தட்டு உடனே உயிர் பெற்றது. நிறை கூடினால் கெதியாக உருளுமே, மோட்டர் பிடிக்குமா என்று நான் கேட்டேன். இல்லை மாமா, நிறை கணக்கில் வராது என்றாள். பந்தயம் பிடித்தோம், ஆளுக்கொரு ரோல்ஸ். ஒரு பலகையைச் சரித்துச் சின்னக் குண்டையும் பெரிய குண்டையும் ஒன்றாக விட்டோம், இரண்டும் சேர்ந்தே கீழே வந்தன. உருளும் கெட்டிக் குண்டின் ஆர்முடுகல் ஈர்ப்பின் ஏழில் ஐந்து பங்கைச் சரிவின் சைனால் பெருக்கி வருவதாம், நிறையும் இல்லை, பருமனும் இல்லை. ஒரு பாகை சரிந்தால் முதல் செக்கனில் 6 சென்ரிமீற்றர் ஓடும். எங்கள் தட்டில் நடுவிலிருந்து ஓரத்துக்கு 8 சென்ரிமீற்றர், ஆக ஒரு செக்கனுக்குக் கொஞ்சம் கூடத்தான் அவகாசம். இந்தச் சமன்பாட்டை அவள் ரியூசனில் எத்தனை தரம் எழுதியிருப்பாளோ, அன்றைக்குத்தான் அது நேரத்தைப் பற்றிப் பேசுகிறது என்று பிடிபட்டது என்றாள். ரோல்ஸ் காசு என்னுடையது.

இனி கவர்னர்.

குண்டு நடுவிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவுக்குத் தட்டை எதிர்ப்பக்கம் சரி என்று ஒரு எண்ணைக் கொடுத்தாள். எண் சின்னதாக இருந்தபோது தட்டு சோம்பேறி, குண்டு விழுந்த பிறகுதான் அசைந்தது. எண்ணைக் கூட்டினாள், குண்டு நடுவுக்கு வந்தது, நிற்காமல் மற்றப் பக்கம் போனது, திரும்ப வந்தது, இன்னும் கூடப் போனது, ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடிக் கடைசியில் எறிபட்டது. அவள் களைத்துப்போய்க் கதிரையில் சாய்ந்தாள். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன், மோட்டர் ஊ ஊ என்று ஏறி இறங்குகிற சத்தம். எனக்கு மயிர் கூச்செறிந்தது என்றால் மிகையாகச் சொல்கிறேன் என்பீர்கள். ஆனால் அது என் வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம்.

தோட்டக்காரர் பம்பைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து "அண்ணை, எஞ்சின் ஏறி இறங்குது" என்பார். கவர்னருக்குள்ளே சுழல்கிற நிறைகள் இருக்கும். எஞ்சின் வேகம் கூடினால் அவை வெளியே விரிந்து திரொட்டிலை மூடும், குறைந்தால் ஸ்பிரிங் இழுத்துத் திறக்கும். கவர்னர் கையில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும், ஸ்பிரிங்கை எந்த ஓட்டையில் கொழுவுகிறோம் என்பதில்தான் எல்லாம். அச்சுக்குக் கிட்டக் கொழுவினால் எஞ்சின் மிகவும் ரோசக்காரனாகிவிடும், கொஞ்சம் வேகம் மாறினாலும் பாய்ந்து திருத்தும், திருத்தினது கூடிப்போகும், அதைத் திருத்தப் போய் மற்றப் பக்கம் கூடிப்போகும், அதுதான் ஏறி இறங்குவது. தள்ளிக் கொழுவினால் அமைதி, ஆனால் பாரம் வரும்போது வேகம் இறங்கி இறங்கின இடத்திலேயே நிற்கும். மருமகளின் எண் என்பது அந்த ஓட்டை வரிசைதான். அவளுக்கு இதைச் சொன்னேன். எழும்பி வந்து, திருத்துவதற்குக் கழற்றி வைத்திருந்த பம்ப் ஒன்றின் கவர்னரைக் கையால் விரித்து மூடி விரித்து மூடிக் கன நேரம் பார்த்தாள். பிறகு தேடி வந்து சொன்னாள், மின்காந்தத்துக்காக அவள் படிக்கிற அதே மக்ஸ்வெல் 1868 இலேயே கவர்னர்கள் எப்போது அடங்கும் எப்போது ஆடும் என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறாராம். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லையே.

ஆட்டத்தை அடக்க இரண்டாவது எண். இது தூரத்தைப் பார்க்காது, வேகத்தைப் பார்க்கும். குண்டு நடுவுக்கு வேகமாக வருகிறதென்றால், வந்து சேர முதலே தட்டை மற்றப் பக்கம் கொஞ்சம் உயர்த்திப் பிரேக் பிடிக்கும். நெல்லு மூட்டை ஏற்றின லாண்ட்மாஸ்டர் பெட்டியோடு சந்தியை நோக்கி வருகிறவன் சந்தியில் வந்தா பிரேக்கைத் தேடுகிறான்? மூன்றாவது எண் பொறுமைசாலி. குண்டு நின்ற பிறகும் நடுவிலிருந்து விரற்கடை தள்ளியே நிற்குமானால் அந்தப் பிழையை நேரத்தோடு கூட்டிக் கூட்டி மெல்லத் தள்ளிவிடும். என் கராச் நிலம் சீமெந்து போட்ட நாளிலிருந்தே வாசல் பக்கம் சரிவு, தண்ணீர் ஊற்றினால் ஓடுகிற திசையில் தெரியும், அந்தச் சரிவை இந்த மூன்றாவது எண்தான் விழுங்கியது. பம்ப் கவர்னரில் இந்த வசதி கிடையாது, அதனால்தான் பாரத்தில் இறங்கின வேகம் இறங்கினபடியே நிற்கிறது, இத்தனை வருசம் அது ஏன் என்று நான் கேட்டதே இல்லை. இந்த மூன்றையும் சேர்த்து பீ.ஐ.டி. என்கிறார்கள். 1922 இல் நிக்கொலாஸ் மினோர்ஸ்கி என்பவர் கப்பல் தானாகத் திசை பிடிப்பதற்காக இதை எழுதினாராம், அதுவும் எப்படி, சுக்கான் பிடிக்கிற மாலுமி என்ன செய்கிறான் என்று பார்த்து. அந்த மாலுமியின் பெயரை எவரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

எண்கள் வந்த பிறகும் ஒரு வில்லங்கம் இருந்தது. லப்டொப் திரையில் குண்டின் இடத்தைப் பார்க்கவென்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வரி அச்சிடச் சொல்லியிருந்தாள். அது செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில், அதாவது கிட்டத்தட்ட 960 எழுத்து. இருபது எழுத்து வரி ஒன்றுக்கு 20 மில்லி செக்கன் போய்விடும், மோட்டருக்குக் கட்டளை போகிறதே 20 மில்லி செக்கனுக்கு ஒருமுறைதான். பார்ப்பதற்காகப் போட்ட சாமானே வேலையைப் பிந்தவைத்து ஆட்டம் காட்டியிருக்கிறது. வேகத்தை 115200 ஆக்கினாள், குண்டு இரண்டு தரம் ஆடி நடுவில் நின்றது. விரலால் தள்ளிவிட்டோம், திரும்ப வந்தது. கராச்சுக்கு வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தள்ளிப் பார்த்தார்கள், ஒருவர் பம்பைத் திருத்த வந்ததையே மறந்துவிட்டார். காலின் பந்து மூட்டில் ஒன்று தளர்ந்து பிளே விட்டிருக்கிறது, அதனால் தட்டு இன்னும் கொஞ்சம் நடுங்கும். நடுங்கட்டும்.

கணக்குப் பார்த்தால் பொருத்த ஒரு பின்னேரம், நிற்கவைக்கப் பதினேழு நாள். ஐயா ஆணி முறுக்குகிற அந்தப் பின்னேரத்தை மட்டும் கண்டிருக்கிறார்.

இதை ஏன் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றால், போன மாதம் ஒரு பாடசாலைக்குத் தண்ணீர்ப் பம்ப் திருத்தப் போனேன், பெயர் வேண்டாம். வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்ட அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. உள்ளே இதே போன்ற பெட்டிகள், வேறு வகை ரோபோக்கள், ஒட்டின டேப் உரியாமல், மேலே தூசி. யாரோ நல்ல மனம் கொண்ட பழைய மாணவர்கள் அனுப்பியது. ஏன் சேர் பிரிக்கவில்லை என்று கேட்டேன். பொருட் பதிவேட்டில் ஏறின சாமான், பிள்ளைகள் உடைத்தால் நான்தான் பதில் சொல்லவேண்டும் என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன், என் சாமானுக்கு நானே முதலாளி, உடைத்தால் என்னைக் கேட்க ஆளில்லை. ஆனால் நாங்கள் உடைத்த அக்ரிலிக்கும், எரித்த ஒரு சேர்வோவும் (மூன்றாவது கிழமை, வயர் மாறிக் கொழுவினது, அதற்கும் நான்தான்), துலைத்த குண்டும் இல்லாவிட்டால் மருமகளின் கையில் இன்றைக்கு ஒரு விளையாட்டுப் பெட்டிதான் இருந்திருக்கும். எனவே கல்வித் திணைக்களத்தில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் கேட்கிறேன், ஆய்வுகூடத்தில் அமிலமும் மக்னீசியமும் செலவாகிற சாமான் என்று எழுதுகிறீர்கள் அல்லவா, இந்தச் சேர்வோவையும் ஆணியையும் அந்தப் பக்கத்தில் எழுத ஒரு வழி செய்யுங்கள். பிள்ளை உடைத்தால் உடைந்தது என்று ஒரு வரி, முடிந்தது.

இன்னொன்று. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, ஏ9 வீதியால் போகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே போகிறார்கள். போகிற வழியில் எத்தனை கராச் இருக்கிறது என்று ஒருவரும் காட்டுவதில்லை. தொண்ணூறுகளில் யுத்தத்தால் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோலை ஒரு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டர்சைக்கிள் ஓட்டின ஊர் இது, பற்றரி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர். அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன, வயதாகிக்கொண்டிருக்கிறது. பாடசாலை ரோபோ வகுப்புக்கு மாதம் ஒரு நாள் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் என்ன? அவருக்குப் புறோகிராம் தெரியாது, பிள்ளைக்குச் சத்தம் கேட்டுப் பழுது பிடிக்கத் தெரியாது. ஆளுக்குப் பாதி.

பெட்டியோடு வந்த புத்தகம் ஆங்கிலத்திலும் சீனத்திலும்தான். நாங்கள் பட்டதையெல்லாம் மருமகள் தமிழில் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள், எந்தப் பிழைக்கு எந்தச் சத்தம் என்பது உட்பட. கவர்னர் படம் நான் கீறினது, வடிவில்லை. கொப்பி கராச்சில் தொங்குகிறது, வேண்டிய பிள்ளைகள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகலாம், ஞாயிறு மட்டும் பூட்டு. தட்டையும் தள்ளிப் பார்க்கலாம். வரும்போது ஒரு இரும்புக் குண்டு கொண்டு வந்தால் நல்லது, எங்களுடைய இரண்டாவது குண்டையும் நேற்றுச் சின்னவன் கொண்டுபோய்விட்டான்.

இப்படிக்கு,
வோட்டர் பம்ப் மெக்கானிக் ஒருவர்,
கிளிநொச்சி.